காலடிச் சருகில் எட்டுக்காலிகள்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவிலே மாணவர் பேசுவதென்றால் கல்வியின் மேன்மை, இளைஞர் கடமை, ஒற்றுமையின் அவசியம் என்னும் மூன்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இம்முறை நாங்கள் பட்டிப்பொலவின் சருகைப் பற்றியும், அந்தச் சருகுக்குள் வாழும் எட்டுக்கால் உயிர்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இதைக் கேள்விப்பட்ட பெரியவர் ஒருவர், "லயத்துக் கூரையில இல்லாத செலந்தியா தம்பி காட்டுல இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். லயத்துச் சிலந்தி கண்ணுக்குத் தெரியும், விளக்குமாற்றுக்கும் அகப்படும். நாங்கள் சொல்லப் போகிறவையோ கடுகளவும் எள்ளளவும் ஆனவை. அவற்றின் மீது நாம் ஆயுள் முழுவதும் நடந்திருக்கிறோம். ஒன்றையேனும் கண்டதில்லை.

நாங்கள் நால்வர். இருவர் விலங்கியல் படிப்பவர், ஒருவர் வணிகம், ஒருவர் தமிழ். தமிழ் படிப்பவர் எதற்கு என்று கேட்க வேண்டாம். அவர் பயன் பின்னால் தெரியும். எங்களில் ஒருவரின் வீடு பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருப்பதால், விடுமுறை வந்தால் அங்கே கூடுவோம். பட்டிப்பொல, நீங்கள் அறிந்தவாறு, நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம், 1891 மீற்றர். அதற்கு அப்பால் ஹோட்டன் சமவெளி. இப்பக்கம் தேயிலையும், மரக்கறித் தோட்டங்களும், இடையிடையே ஓடையோரமாய் எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளும். அந்தத் துண்டுகளில் மரங்கள் குட்டையாய், முறுகி, பாசி போர்த்து நிற்கும். குளிரினாலே அங்கு இலை மெல்லவே உக்கும். ஆகவே சருகு மெத்தை போலத் தடித்துக் கிடக்கும், எந்நேரமும் ஈரமாயிருக்கும். எங்கள் வேலைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

எட்டுக்காலி என்பது பூச்சியன்று. பூச்சிக்குக் கால் ஆறு. எட்டுக்காலிக்குச் சிறகும் இல்லை, தலையில் உணர்கொம்பும் இல்லை. சிலந்தி, தேள், உண்ணி, சிற்றுண்ணி எல்லாம் இவ்வகுப்பே. இவற்றுள் ஒன்றைத் தமிழர் ஈராயிரம் ஆண்டுகளாக அறிவர். மழை பெய்த மண்ணிலே செம்பட்டுத் துணுக்குப் போல ஊர்ந்து வருமே, அதைச் சங்கப் புலவர் மூதாய் என்றனர். இந்திரகோபம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. தமிழ் நண்பர் இதைச் சொன்ன போது விலங்கியலார் இருவரும் வியந்தோம். அது சிற்றுண்ணி இனம், எட்டுக்காலி. கண்ணால் காண்பதற்கு எட்டிய சிறுமையை நம் முன்னோர் விட்டுவிடவில்லை.

சைவர்களாகிய நமக்குச் சிலந்தி இன்னும் நெருக்கமானது. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தின் கீழ் எழுந்தருளிய பெருமான் மீது சருகு உதிராதபடி வலைப் பந்தரிட்ட சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்தது என்று பெரிய புராணம் கூறும். எங்களில் சிலர் மிஷன் பாடசாலையில் படித்தவர். அங்கே மனனம் செய்த சாலமோனின் நீதிமொழிகளிலும், சிறியனவாயினும் ஞானம் மிக்க நான்கினுள் ஒன்றாகச் சிலந்தி வரும். அந்தச் சிலந்தி சருகைத் தடுத்தது. நாங்கள் தேடும் சிலந்தியோ சருகையே கூரையாகக் கொண்டது.

நிற்க. தேடும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதை எவரும் செய்யலாம், செலவும் அதிகமில்லை. மாச் சல்லடை ஒன்று, பழைய வெள்ளை வேட்டி ஒன்று, வெள்ளை எனாமல் தட்டு ஒன்று, சித்திரம் தீட்டும் மெல்லிய தூரிகை ஒன்று. மழை விட்ட இரண்டொரு நாளில், மரத்தடியில் இரு கை கொள்ளும் அளவு சருகை, மேலே உலர்ந்ததை நீக்கிக் கீழே உக்கியதை மட்டும், சல்லடையில் இட்டு வேட்டியின் மேல் குலுக்க வேண்டும். விழுந்த தூளைச் சிறிது சிறிதாகத் தட்டில் பரப்பி, பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதுதான் கடினமான பகுதி. முதல் இரண்டு நிமிடம் தட்டில் மண்ணும் தும்பும் தவிர ஒன்றும் தெரியாது. மூன்றாம் நிமிடத்தில் ஒரு மண்துகள் நடக்கும். பிறகு இன்னொன்று. பத்து நிமிடத்தில் தட்டு முழுவதும் சந்தைக்கடை போலாகிவிடும். காட்டு நிலத்தில் ஒரு சதுர மீற்றருக்குள் சிற்றுண்ணி மட்டுமே பல்லாயிரம் இருக்கும் என்று புத்தகத்தில் படித்தபோது நாங்கள் நம்பவில்லை. தட்டைப் பார்த்த பிறகு நம்பினோம்.

பொறுமையற்றவர்க்கு வேறு வழியும் உண்டு. அந்தோனியோ பெர்லேசே என்னும் இத்தாலியர் 1905ஆம் ஆண்டில் ஒரு புனலைச் செய்தார். பின்னர் சுவீடன் நாட்டு டுல்கிரேன் அதன் மேல் மின்விளக்கைச் சேர்த்தார். சருகை வலைத்தட்டில் இட்டு மேலே விளக்கைத் தொங்கவிட்டால், சூட்டுக்கும் வறட்சிக்கும் அஞ்சி உயிர்கள் கீழ்நோக்கி இறங்கிப் புனல் வழியே போத்தலில் விழும். ஆய்வாளருக்கு இது நல்ல கருவி. அந்தப் போத்தலில் மதுசாரம் இருக்கும், விழுவதெல்லாம் இறக்கும். நாங்கள் படம் பிடிப்பவர். எங்களுக்கு உயிரோடு வேண்டும். ஆகையால் வேட்டியோடு நின்றுவிட்டோம்.

படம் பிடிப்பதற்குப் பெரிய கமரா வேண்டுமென்று அஞ்ச வேண்டாம். பழைய கமரா வில்லையைத் தலைகீழாக மாட்டினால் அது உருப்பெருக்கும் வில்லையாகிவிடும். அதற்கான வளையம் மலிவு. கைத்தொலைபேசியில் கவ்விக்கொள்ளும் சிறு வில்லையும் உண்டு. ஆனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, இவ்வளவு நெருங்கினால் ஒரு மில்லிமீற்றர் ஆழங்கூடத் தெளிவாக விழாது; கண் தெளிந்தால் கால் மங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படமெடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பதே வழி. மற்றது ஒளி. பிளாஷ் ஒளியை நேரே பாய்ச்சினால் இவற்றின் மினுக்கமான முதுகு கண்ணாடி போல் கூசும். வெள்ளை யோகட் கோப்பையின் அடியை வெட்டி வில்லையைச் சுற்றி மாட்டினோம். ஒளி பனிமூட்டத்துக்குள் வருவது போல மென்மையாய் வந்தது. பட்டிப்பொலவின் குளிரும் உதவி செய்தது. விடியற்காலையில் இவ்வுயிர்கள் மரத்துப்போய் மெல்ல நடக்கும்; வெயிலேறினால் பிடிக்க முடியாது.

இப்படியொரு காலையிலே முதன்முதல் தெளிவாகப் படமானது போலித்தேள். மூன்று மில்லிமீற்றர் இருக்கும். தேளைப் போல இரு கவைக் கைகள். வால் இல்லை, கொடுக்கு இல்லை. நஞ்சு அந்தக் கவைகளில்தான். மனிதரை ஒன்றும் செய்யாது. வாயுறுப்பிலிருந்து நூல் நூற்றுச் சிறு கூடு கட்டித் தோலுரிக்கும். ஊர் மாற வேண்டுமானால் ஈயின் காலைக் கவ்விக்கொண்டு பயணம் போகும்; பயணச்சீட்டு இல்லை. பழைய புத்தகங்களில் புகுந்து ஏட்டுப் பேன்களைத் தின்னும் இனமும் உண்டு. நம் சங்க நூலகத்தார் அதைக் கண்டால் தயவுசெய்து நசுக்க வேண்டாம். உலகில் 3000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அந்தப் படத்தைப் பெரிதாக்கி லயத்துத் திண்ணையில் ஆயா ஒருவரிடம் காட்டினோம்.

"அடியாத்தி, இது தேளுல்ல!"

"வால் எங்க ஆயா? பாருங்க."

"வால காணோம்தான். தம்பி, இது வெறகுக் கட்டையில பட்டைய உரிச்சா ஓடும். குட்டித் தேளுன்னு நசுக்கிப்புடுவோம்."

விலங்கியல் புத்தகத்திலும் அதுவே இருக்கிறது: சருகிலும் மரப்பட்டைக்கு அடியிலும் வாழ்வது. ஆயா பள்ளிக்கூடம் போனவரல்லர். ஐம்பது ஆண்டு விறகு பொறுக்கியவர்.

தோட்டத்தார் எட்டுக்காலியை அறிந்தது பெரும்பாலும் பகையாகத்தான். தேயிலை இலையை வெண்கல நிறமாக்கும் சிவப்புச் சிலந்தி உங்களுக்குத் தெரியும். அது சிலந்தியன்று, சிற்றுண்ணி. அதற்கு முதலில் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் நீட்னர் என்னும் ஜெர்மானியர், இலங்கையில் கோப்பித் தோட்டம் நடத்தியவர், ஆண்டு 1861. அப்பொழுது தேயிலை இங்கே வணிகப் பயிராகவில்லை. ஆதலால் அதன் பெயரில் இன்றைக்கும் கோப்பியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோப்பி அழிந்து, தேயிலை வந்து, உண்ணி மட்டும் மாறாமல் வேலை செய்கிறது.

நீட்னரின் சிலந்திகளும், பேராதனைப் பூந்தோட்டத்தின் பொறுப்பாளராய் 1849 முதல் 1880 வரை இருந்த துவைட்ஸின் சிலந்திகளும், கப்பலேறி இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரிடம் போய்ச் சேர்ந்தன. டோர்செட் மாகாணத்து பிளொக்ஸ்வேர்த் கிராமத்தில் திருச்சபைப் பணி செய்துகொண்டே சிலந்தி ஆராய்ந்த ஒக்டேவியஸ் பிக்காட்-கேம்பிரிட்ஜ் அவர்தாம். 1872இல் அவர் இலங்கையிலிருந்து வந்த இரண்டு சிற்றுயிர்களை விவரித்து, அவற்றுக்கெனப் புதிய குடும்பமே அமைத்தார். சாட்டைத்தேளின் உறவு, குட்டையான வால், கண் இல்லை, முன்னங்காலைத் தடியாக நீட்டித் தடவிக்கொண்டு நடக்கும். இன்று அவ்வரிசையில் உலகெங்கும் 300க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அந்த வரிசைக்கு விஞ்ஞானத்தில் முதற்பெயர் கிடைத்தது இலங்கைச் சருகினால்.

1875இல் அதே பாதிரியார் விவரித்த இன்னொன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. நெடுங்காலி என்னும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் கால் குட்டை. பார்த்தால் மண்கட்டி. பெயரிலேயே மூட்டைப்பூச்சி வடிவானது என்று வைத்துவிட்டார். லயத்தில் வளர்ந்தவர் எவரும் அதை மறுக்க மாட்டார். பெற்றாலஸ் என்னும் அப்பேரினம் இலங்கைக்கே உரியது. அதன் குடும்பத்தார் வேறு எங்கே வாழ்கின்றனர் என்று கேளுங்கள்: தென்னாபிரிக்கா, மடகாஸ்கர், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி. ஈரச் சருகை விட்டு வெளியே போனால் காய்ந்து சாகும் ஓருயிர் எப்படி இத்தனை கடல் தாண்டியது? அது தாண்டவில்லை. ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா என்னும் பெருநிலம் உடையத் தொடங்கியபோது, துண்டுகள் ஒவ்வொன்றும் தத்தம் சருகோடு மிதந்து போயின. நம் பாட்டன்மார் மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை வழியே காடு கடந்து, பலரை வழியில் பறிகொடுத்து மலையேறினார்கள். இந்த உயிரோ நிலத்தோடேயே வந்தது. 2009இல் இப்பேரினத்தின் ஓர் இனத்துக்குத் துவைட்ஸின் பெயரைச் சூட்டியவர்கள், பெயர் பெறாத இனங்கள் இன்னும் உள்ளன என்றும் காட்டினார்கள்.

துவைட்ஸுக்குப் பெயர் கிடைத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை, தகுதியானவர். ஆனால் அக்காலத்துத் தோட்டங்களில் மண்ணைக் கிளறிய கைகள் யாருடையவை என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மிஷன் பாடசாலை நூலகத்தில் நாங்கள் அடித்துப்பிடித்து வாசித்தவை எனிட் பிளைட்டன் அம்மையாரின் கதைகள். அவற்றில் வரும் குட்டிச்சாத்தான்களின் பெயர்கள் பொம், ஸ்னூக்கி, டம்பி, சிப்பி, ஸ்னிப்பி, டிக்கி. இவை இப்பொழுது இலங்கைச் சிலந்திகளின் பெயர்கள்! கண்டியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் சுரேஷ் பெஞ்சமினும் சசங்கா ரணசிங்கவும் 2018இல் ஒன்பது புதிய சிலந்தி இனங்களை வெளியிட்டபோது, ஆறுக்கு இப்பெயர்களை வைத்தனர். ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரையான இவ்வகைக்கு ஆங்கிலத்திலேயே குட்டிச்சாத்தான் சிலந்தி என்றுதான் பெயர். பெரும்பாலான சிலந்திக்குக் கண் எட்டு, இதற்கு ஆறு. வலை கட்டிக் காத்திராது; சருகுக்குள் ஓடித் திரிந்து வேட்டையாடும். அந்த ஒன்பதோடு இலங்கையில் அறியப்பட்டவை 13 பேரினங்களில் 45 இனங்களாயின. ஆனால் நாங்கள் அக்கட்டுரைச் செய்தியில் இரண்டு முறை வாசித்த இடம் வேறு: இவற்றுள் சில, ஒரே ஒரு காட்டுத் துண்டில் மட்டும் கிடைப்பவை, உலகில் வேறெங்கும் இல்லாதவை.

ஒரே துண்டு என்றால் என்ன? நம் தோட்டங்களிலே ஓடையோரம் விட்டுவைத்திருக்கும் காட்டைப் போன்ற ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விறகுக்காகவோ மரக்கறிப் பாத்திக்காகவோ சுத்தப்படுத்திவிடலாம்.

இவ்வுயரத்தில் காடு எஞ்சியிருப்பதே ஒரு தற்செயல் போலத்தான். 1873இல் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடும்படி அன்றைய அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். ஹோட்டன் சமவெளி தப்பியது அதனாலே. அது 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. பூங்காவுக்குள்ளே அனுமதியின்றி ஒரு சருகையும் எடுக்கக் கூடாது. அது சரியான சட்டம். நாங்கள் அங்கே சல்லடை கொண்டு போவதில்லை. வேலியில்லாத, பெயரில்லாத ஓடைக்காடுகளுக்குப் பூங்காவைப் போன்ற காவல் இல்லை. அங்கேதான், தோட்டத்தாரின் அனுமதி பெற்று, நாங்கள் குலுக்குகிறோம். பார்த்த பின் தூளையும் உயிர்களையும் எடுத்த மரத்தடியிலேயே கொட்டி, மேலே உலர் சருகை மூடிவிடுகிறோம்.

ஒப்பிட்டுப் பார்க்கவும் செய்தோம். யூகலிப்டஸ் மரத்தடியிலும், கவ்வாத்துக் குப்பை கிடக்கும் தேயிலை நிரையிலும், ஓடைக்காட்டிலும் ஒரே அளவு சருகை எடுத்துப் பார்த்தோம். யூகலிப்டஸ் சருகில் சிற்றுண்ணிகளே மிகுதி. தேயிலை நிரையில் சிலந்திகள் பரவாயில்லை. ஓடைக்காட்டுச் சருகின் தட்டிலோ போலித்தேளும், குட்டைக்கால் நெடுங்காலியும், ஆறு கண் சிலந்தியும் ஒன்றாக நடந்தன. இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். மூன்று தட்டு ஆராய்ச்சியாகாது. எங்களுக்குச் சருகெல்லாம் ஒரே சருகாகத் தோன்றுவது அன்றோடு நின்றது.

படத்தினால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. இவ்வளவு சிறிய சிலந்தியின் இனத்தைப் படத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மையே. ஆண் சிலந்தியின் வாயருகே உள்ள உணர்காலின் நுனியை நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் அறிஞர் தீர்மானிப்பர். ஆனால் மதுசாரத்தில் கிடப்பது நிறம் மங்கிய உடல். அது எப்படி நின்றது, எதைத் தின்றது, முட்டையை எங்கே வைத்தது என்பதை உயிர்ப்படமே சொல்லும். படத்தோடு திகதியும், இடமும், உயரமும், எந்த மரத்துச் சருகு என்பதும் எழுதிவைத்தால், இன்றில்லாவிட்டாலும் பின்னொரு நாளில் அறிந்தவர் ஒருவர் அத்துண்டைத் தேடி வருவார். அப்பொழுது அந்தக் காடு அங்கே இல்லாவிட்டால், இருந்தது என்பதற்காவது சாட்சி இருக்கும்.

இங்கே பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. ஏட்டில் இல்லாதவர் நாட்டில் இல்லாதவராகவே எண்ணப்படுவார் என்பதை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த நாள் முதல் நம் குடும்பங்கள் அறிந்திருக்கின்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒரு துண்டுக் கடதாசிக்காகக் காத்திருந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். மனிதருக்குத் துன்பம் பெரிது. அதைச் சிலந்தியோடு ஒப்பிடுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும், பதிவின் அருமையை நம்மைப்போல் அறிந்தவர் யார்? அதனால்தான் இந்த வேலை நமக்கு இயல்பாக வரும் என்று எண்ணுகிறோம்.

இதுவரை ஓடைக்காடு ஒன்றிலிருந்து நாற்பத்தொரு படங்கள் தெளிவாக வந்துள்ளன. அவற்றை ஒரு பெரிய கொப்பியில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விவரம் எழுதி, சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். கொப்பியில் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. வட்டவளை, லிந்துலை, மஸ்கெலியா, உடப்புசல்லாவைப் பக்கத்து உறுப்பினர்கள் தத்தம் தோட்டத்து ஓடைக்காட்டிலிருந்து ஒரு தட்டுச் சருகைப் பார்த்து எழுதி அனுப்பினால் அந்தப் பக்கங்களில் இடம் உண்டு. பெரியவர்கள் அக்காட்டுத் துண்டுக்குத் தோட்டத்தில் வழங்கும் பெயரைச் சொல்லி உதவ வேண்டும். பெயரில்லாமல் இடத்தைக் குறிப்பது பெரும் சிரமமாயிருக்கிறது.

அடுத்த மழை விட்ட ஞாயிறன்று காலை பட்டிப்பொலப் புகையிரத நிலையத்தில் கூடுவோம். வருபவர் ஒரு வெள்ளைத் துணியும், கம்பளிச் சட்டையும், மத்தியான ரொட்டியும் கொண்டு வருக. சல்லடை எங்களிடம் இரண்டு இருக்கின்றன.